கணக்கில் வராத கடோத்கஜன்!

வெறும் 27 கெஜம். நம்ம கிரிக்கெட் பிட்ச் நீளமே 22 கெஜம் பாஸ்! அதைவிட ஒரு அஞ்சு எட்டு கூட வெச்சா முடிஞ்சுது. அந்த தூரத்தைத்தான் 2024 டிசம்பர் 31 ராத்திரி ஆஷ்டன் ஜென்டியால் தாண்ட முடியவில்லை.

ஜென்டி, அப்போது அமெரிக்காவின் பாய்ஸி ஸ்டேட் யுனிவர்சிட்டி மாணவர். காலேஜ் ஃபுட்பால் ஆட்டக்காரர். அந்த சீசன் முழுக்கப் பந்தை அணைத்துக்கொண்டு அவர் ஓடிய தூரம், கடைசி மேட்சுக்கு முன்னால் வரை 2,497 கெஜம். இன்னும் 132 ஓடியிருந்தால் 36 வருஷ ரெக்கார்டு காலி. எதிரே ஆடிய பென் ஸ்டேட் பசங்க விடவில்லை. 104-லேயே அமுக்கிவிட்டார்கள். மொத்தம் 2,601. 1988-ல் ஓக்லஹோமா ஸ்டேட் மாணவர் பேரி சாண்டர்ஸ் வைத்த 2,628 அப்படியே கம்பீரமா நிக்குது.

'அச்சச்சோ, ஜஸ்ட் மிஸ்!' என்று உச்சுக் கொட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். ஜென்டி ஆடியது 14 மேட்ச். சாண்டர்ஸ் கணக்கில் இருப்பது 11 மேட்ச். அவர் பன்னிரண்டாவதாகவும் ஒண்ணு ஆடினார், ஹாலிடே பௌல் என்கிற சீசன் முடிந்த பிறகான பந்தயம். அதில் 222 கெஜம், 5 டச்டவுன் என்று பிரிச்சு மேய்ஞ்சார். ஆனால் அந்தக் காலத்தில் பௌல் மேட்ச்சில் எடுத்தது சீசன் கணக்கில் சேராது. 2002-லிருந்துதான் சேர்க்கிறார்கள். அதையும் சேர்த்தால் சாண்டர்ஸ் 2,850. இப்ப சொல்லுங்க, ஜென்டி பின்தங்கியது 27 கெஜமா, 249 கெஜமா?

இந்த ஒரு கேள்வியை வைத்து எங்கள் பழைய அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் மூணு நாள் ரணகளம்!

குரூப் எப்படி வந்ததுன்னு சொல்லிடறேன். எம்.எஸ். படிக்க அமெரிக்காவின் மிட்வெஸ்ட் பக்கம் போய் இறங்கியவன் நான். 2011-ம் வருஷம். ஒரே வீட்டில் நாலு பேர். முதல் சனிக்கிழமை காலையில் மளிகை வாங்கக் கிளம்பினால் ஊரே ஒரே கலர் டி-ஷர்ட்டில் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தது. ஏதோ தேர்த் திருவிழா போல இருக்குன்னு பார்த்தால், காலேஜ் மேட்ச். காலேஜ் மேட்ச்தானேன்னு லேசா நினைக்காதீங்க. மிச்சிகன் யுனிவர்சிட்டியின் ஸ்டேடியத்தில் 1,07,601 பேர் உட்காரலாம். சேப்பாக்கத்தைப் போல ரெண்டை உள்ளே போட்டாலும் இடம் மிச்சம் இருக்கும்.

பேருதான் ஃபுட்பால், காலுக்கு அங்கே வேலை ரொம்பக் கம்மி. ரெண்டு முனையும் கூர்மையான பந்து. பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் டீமுக்கு நாலு சான்ஸ். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் இன்னும் நாலு சான்ஸ். அப்படியே நகர்ந்து எதிராளி எல்லைக்குள் போய்ச் சேர்ந்தால் டச்டவுன். குவார்ட்டர்பேக் என்பவர் ஹீரோ, பந்தை எறிவார். ரிசீவர் பிடிப்பார். ரன்னிங் பேக் பந்தோடு ஓடுவார். இவங்களுக்கு முன்னால் அஞ்சு கடோத்கஜன்கள் சுவர் மாதிரி நின்று எதிராளியைத் தடுப்பார்கள். அவங்கதான் அஃபென்ஸிவ் லைன். எதிர்ப் பக்கம் அந்தச் சுவரை இடிக்க ஒரு கூட்டம், பின்னால் பந்தைப் பறிக்க கார்னர்பேக் வகையறா. இவ்வளவு தெரிந்தால் போதும், மீதியை சண்டை போட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

எங்கள் வீட்டில் சண்டைக்கு ரெண்டு கட்சி. திருச்சிப் பையன் ஒருத்தன், டேட்டா மைனிங் கோர்ஸ் எடுத்தவன். எதைக் கேட்டாலும் எக்ஸெல் ஷீட்டைத் திறந்துடுவான். இன்னொருத்தன் நாகர்கோவில். "மக்களே, ஆட்டத்த கண்ணால பார்க்கணும். ஷீட்ட பார்த்தா ஆட்டம் தெரியுமால?" கட்சி. சனிக்கிழமை சாயங்காலம் ரசத்தைக் கரைத்து வைத்துவிட்டு ரெண்டு பேரும் ஆரம்பித்தார்கள் என்றால் ரசம் ஆறி, மறுபடி சூடு பண்ணி, மறுபடி ஆறும். தலைப்பு எப்பவும் ஒண்ணுதான்: காலேஜ் ஃபுட்பாலின் ஆல் டைம் பெஸ்ட் யாரு?

திருச்சிக்காரன் ஷீட் அழகா இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னாலும் ஒரு வில்லங்கம் ஒளிஞ்சிருந்தது.

காலேஜ் வாழ்க்கை மொத்தத்தில் அதிக தூரம் ஓடியவர் யார்? ரெக்கார்டு புத்தகப்படி சான் டியேகோ ஸ்டேட்டின் டானல் பம்ஃப்ரி, 6,405 கெஜம், 2016-ல் முடித்தார். அவருக்கு முன்னால் விஸ்கான்சினின் ரான் டெய்ன், 6,397, 1999-ல். எட்டு கெஜ வித்தியாசம். ஆனால் டெய்ன் பௌல் மேட்ச்களில் ஓடியதைச் சேர்த்தால் 7,125! அதாவது 700 கெஜத்துக்கும் மேல் அதிகமாக ஓடின ஆளு ரெண்டாவது இடம். விதி மாறின வருஷத்துக்கு முன்னால் பிறந்ததுதான் அவர் செய்த குத்தம். (இந்தப் பஞ்சாயத்து நாங்கள் ஆளுக்கொரு ஊருக்குப் பிரிந்த பிறகு வந்தது. அதனால் ரசம் தப்பித்தது.)

குவார்ட்டர்பேக்கை பந்தோடு சேர்த்துத் தரையில் சாய்ப்பதற்குப் பேரு 'சாக்'. ஒரு சீசனில் அதிக சாக் யார்? அரிசோனா ஸ்டேட்டின் டெரல் சக்ஸ், 2002-ல் 24. அலபாமாவின் டெரிக் தாமஸ் 1988-லேயே 27 அடித்திருக்கிறார். ஆனால் காலேஜ் விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு சாக்கை அதிகாரபூர்வமா எண்ண ஆரம்பித்ததே 2000-ல்தான். அதுக்கு முன்னால் அடிச்சதெல்லாம் காலேஜோட சொந்தக் கணக்கு. யோசிச்சுப் பாருங்க. நூறு வருஷத்துக்கும் மேல் ஆடப்பட்ட ஒரு ஆட்டத்தில், பந்தோடு ஓடுகிறவனை அளந்துகொண்டே இருந்திருக்கிறார்கள். அவனைத் தடுத்து நிறுத்தியவனை எண்ணணும்னு தோன்றியதே மில்லெனியம் பிறந்த பிறகுதான்.

இன்னொண்ணு. 1972-க்கு முன்னால் முதலாண்டு மாணவன் சீனியர் டீமில் ஆடவே முடியாது. ஆக, அந்தக் காலத்துக்காரங்களுக்கு மூணு வருஷம், இந்தக் காலத்துக்காரங்களுக்கு நாலு. இஷ்டத்துக்கு ஆளை மாற்றிக்கொள்ள முடியாத காலமும் இருந்தது, 1953-லிருந்து பத்து வருஷத்துக்கு மேல். அப்பல்லாம் தாக்குகிறவன்தான் தடுக்கவும் வேணும். 2024-ல் கொலராடோவின் ட்ராவிஸ் ஹன்ட்டர் ரிசீவராகவும் கார்னர்பேக்காகவும் ரெண்டு பக்கமும் ஆடினார் என்று உலகமே வாயைப் பிளந்தது. தாத்தாக்கள் காலத்தில் அது தினசரி டியூட்டி. அதுக்காக ஹன்ட்டரைக் குறைச்சுச் சொல்லவில்லை. இன்றைய வேகத்தில், எதிரே முழு ஓய்வெடுத்துவிட்டு வரும் ஸ்பெஷலிஸ்ட்டுகளை வைத்துக்கொண்டு ரெண்டு பக்கமும் ஆடுவது வேற லெவல் மேட்டர். தாத்தாவுக்கு எதிரே நின்ற இன்னொரு தாத்தாவும் அவரைப் போலவே மூச்சு வாங்கிக்கொண்டுதானே நின்றிருப்பார்!

இப்ப ஹைஸ்மன் டிராஃபிக்கு வருவோம். காலேஜ் ஃபுட்பாலின் உச்ச விருது, 1935-லிருந்து. 'நாட்டிலேயே தலைசிறந்த காலேஜ் ஆட்டக்காரர்' என்பது பேச்சு. 2000 முதல் 2024 வரை 25 தடவை கொடுத்ததில் 20 தடவை குவார்ட்டர்பேக்குக்குத்தான் போயிருக்கிறது. களத்தில் 22 பேர். மீதி 21 பேரும் என்ன மோர் ஊத்தவா வந்தாங்க?

1980-ல் பிட்ஸ்பர்க்கின் ஹ்யூ கிரீன், சுவரை இடிக்கிற டிஃபென்ஸிவ் எண்ட், ரெண்டாவது இடம் வந்தார். 2009-ல் நெப்ராஸ்காவின் எண்டாமுகாங் சூ, டெக்சாஸுக்கு எதிரான ஒரே மேட்ச்சில் நாலரை சாக் அடித்து மிரட்டினார். நாலாவது இடம். முதல் முறையாகத் தடுப்பாட்டக்காரர் ஒருவர் ஜெயித்தது 1997-ல், மிச்சிகனின் சார்ல்ஸ் வுட்சன். தோற்றது யார்னு நினைக்கிறீங்க? பெய்ட்டன் மேனிங்! டென்னசிக்காரர்கள் இன்றைக்கும் ஆறவில்லை.

வுட்சன் எப்படி ஜெயித்தார் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. கார்னர்பேக் ஒருத்தன் நிஜமாகவே பயங்கரமான ஆளா இருந்தா என்ன ஆகும்? எதிராளி குவார்ட்டர்பேக் அவன் பக்கம் பந்தையே எறிய மாட்டான். பந்து வரவில்லை என்றால் பறிக்க எதுவும் இல்லை. கணக்கு ஏறாது. அதாவது அவன் ஆட்டம் ஏற ஏற அவன் நம்பர் இறங்கும்! அப்புறம் வுட்சனுக்கு எப்படி ஓட்டு விழுந்தது? ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான மேட்ச்சில் எதிராளி உதைத்து அனுப்பிய பந்தைப் பிடித்து 78 கெஜம் ஓடி டச்டவுன் போட்டார். ரிசீவராகவும் இறங்கி 37 கெஜ பந்து ஒண்ணு பிடித்தார். பந்து கையில் இருந்தது, கேமரா பார்த்தது, ஓட்டு விழுந்தது. கார்னர்பேக் வேலையை மட்டும் ஒழுங்கா பார்த்துக்கிட்டு இருந்திருந்தா, மேனிங் வீட்டு அலமாரியில் ஒரு டிராஃபி கூடியிருக்கும். அது என் அபிப்பிராயம். நாகர்கோவில்காரன் இதைக் கேட்டா அடிக்க வருவான்.

சரி, கடோத்கஜன்கள்? அஃபென்ஸிவ் லைன்காரர் யாரும் இதுவரை ஹைஸ்மன் வாங்கியதில்லை. ரொம்பக் கிட்ட வந்தவர் ஒஹையோ ஸ்டேட்டின் ஜான் ஹிக்ஸ், 1973-ல் ரெண்டாவது. அந்த வருஷம் அவர் வழி திறந்துவிட, பின்னால் ஓடியவர் ஆர்ச்சி கிரிஃபின். ஓட்டெடுப்பில் கிரிஃபின் அஞ்சாவது. ஹிக்ஸ் படிப்பை முடித்துப் போனார். கிரிஃபின் 1974, 1975 என்று அடுத்தடுத்து ரெண்டு ஹைஸ்மன் வாங்கினார். இன்றைக்கும் ரெண்டு வாங்கியவர் அவர் ஒருத்தர்தான். 1996-ல் அதே காலேஜின் ஆர்லாண்டோ பேஸ், நாலாவது இடம். கடைசி ரெண்டு சீசனில் அவரைத் தாண்டிப்போய் ஒருத்தன்கூட குவார்ட்டர்பேக்கைச் சாய்க்கவில்லை. பேஸோட ரெக்கார்டு, பூஜ்ஜியம். இந்தப் பசங்களுக்கு பூஜ்ஜியம்தான் செஞ்சுரி.

எனக்கு இதெல்லாம் வெறும் ஷீட்டில் இருந்த விஷயமாகத்தான் முடிந்திருக்கும், ட்யூட்டர் வேலை கிடைக்காமல் இருந்திருந்தால். கேம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. விளையாட்டு வீரர்களுக்குப் பாடம் சொல்லித்தரும் சென்டரில் ஸ்டாட்டிஸ்டிக்ஸுக்கு ஆள் கேட்டார்கள். போனேன். எனக்கு ஒதுக்கியது ஒரு லெஃப்ட் டாக்கிள். சுவரில் இடது ஓரத்து ஆள். பேர் வேண்டாம், அவனுக்கு அது பிடிக்காது.

ஆறடி அஞ்சங்குலம். 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. அவன் உட்கார்ந்தால் நாற்காலி 'ஐயோ'ன்னு கத்தும். குரல் மட்டும் பூனைக்குட்டி மாதிரி. அந்த உடம்பு இயற்கையா வந்ததில்லை. வெயிட் குறைந்தால் டீமில் இடம் போயிடும் என்று ராத்திரி அலாரம் வைத்து எழுந்து வேர்க்கடலை வெண்ணெய் தடவின பிரெட் தின்பான். "பசிக்காமல் சாப்பிடறதுதான் இந்த விளையாட்டிலேயே கஷ்டமான பயிற்சி"ன்னு ஒருநாள் சொன்னான். சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை.

ஜெர்சி நம்பர் எழுபத்துச் சொச்சம். 50-லிருந்து 79 வரை நம்பர் போட்டவர்களுக்கு முன்னோக்கி எறியும் பந்தைப் பிடிக்கும் உரிமையே கிடையாது, அது விதி. ஸ்டேடியத்தில் லட்சம் பேர் முன்னால் அவன் நம்பர் மைக்கில் ஒலிக்கும் ஒரே சந்தர்ப்பம், எதிராளியைச் சட்டையைப் பிடித்து இழுத்துத் தடுத்துவிட்டான் என்று நடுவர் தண்டனை சொல்லும்போதுதான். 'ஹோல்டிங், நம்பர் இத்தனை, பத்து கெஜம் பின்னால்'. அவ்வளவுதான். அவன் அம்மா ஒவ்வொரு மேட்ச்சுக்கும் மூணு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வருவார். மைக்கில் பிள்ளை நம்பர் வராமல் மேட்ச் முடிந்தால் அவருக்கு அன்றைக்கு தீபாவளி.

பாடத்தில் இஸட்-ஸ்கோர் வந்தது. ஒருத்தர் மார்க், வகுப்பு சராசரியிலிருந்து எத்தனை திட்டவிலக்கம் தள்ளியிருக்குன்னு பார்க்கிற கணக்கு. வேற வேற வருஷத்து ஆட்டக்காரர்களை ஒப்பிட அதைவிட நியாயமான கருவி கிடையாது. 1988-ல் ஓடினவனை 1988-ல் ஓடின மத்தவங்களோடு மட்டும் வெச்சுப் பார், அவன் எவ்வளவு உயரத்தில் நிக்கிறான்னு அள, அப்புறம் உயரத்தை உயரத்தோடு ஒப்பிடு. பிராட்மேனின் 99.94 சராசரி ஏன் எந்தக் காலத்துக்கும் மிரட்டுது? கூட ஆடினவர்களிடமிருந்து அவர் நின்ற தூரம் அப்படி. சாண்டர்ஸ் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 11 மேட்ச்சில் மேட்ச்சுக்கு சராசரி 238.9. ஜென்டியின் 2024 சராசரி 185.8 என்பது ரொம்பப் பின்னால் வந்த சேதி. சாண்டர்ஸ் உயரத்தில் அப்போதும் ஆள் இல்லை, இப்போதும் இல்லை.

அவன் புரிந்துகொண்டான். பென்சிலை உருட்டிக்கொண்டே கேட்டான்: "சரி. என் பொசிஷனுக்கு எதை மைனஸ் பண்ணுவ?"

யோசித்துப் பார்த்தோம். ஓடின தூரம்? ஓடுவதில்லை. பிடித்த பந்து? சட்டப்படி கூடாது. எதிராளியை மல்லாக்கச் சாய்த்தால் அதற்கு 'பேன்கேக்' என்று ஒரு செல்லக் கணக்கு உண்டு. ஆர்லாண்டோ பேஸ் காலத்தில் பிரபலமானது. ஆனால் ஒவ்வொரு காலேஜும் தன் இஷ்டத்துக்கு எண்ணும். ஞாயிற்றுக்கிழமை கோச் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவனுக்கு மார்க் போடுவார். முதல் எட்டு சரியா வைத்தானா, கை உள்பக்கம் போச்சா, தனக்கு உரிய ஆளைத் தடுத்தானா. ஒரு வாரம் 83, ஒரு வாரம் 91. அந்த மார்க் அந்த அறைக்கு வெளியே போகாது. எதிர் டீம் டாக்கிள் எவ்வளவு வாங்கினான்னு இவனுக்குத் தெரியாது. சராசரி இல்லாத இடத்தில் இஸட்-ஸ்கோர் ஏது?

அவன்தான் எனக்கு சாண்டர்ஸின் சுவரைப் பற்றிச் சொன்னவன். 1988 ஓக்லஹோமா ஸ்டேட் அஃபென்ஸிவ் லைனுக்கு 'வார் பிக்ஸ்' என்று பட்டப்பேர், போர்ப் பன்றிகள். அந்த 2,628 கெஜத்தில் ஒவ்வொரு கெஜத்திலும் அவர்கள் தோள்பட்டை இருக்கிறது. அவர்களோடு இன்னொருத்தரை ஓடவிட்டால் எவ்வளவு வந்திருக்கும்? அதற்கும் பாதிப் பதில் இருக்கிறது. முந்தின வருஷம் வரை அங்கே முதல் ரன்னிங் பேக் தர்மன் தாமஸ், பிற்பாடு புரொஃபஷனல் லீகிலும் கொடிகட்டிய ஆள். சாண்டர்ஸ் அவருக்கு மாற்று ஆட்டக்காரர். தாமஸே 2,000-ஐத் தொடவில்லை. ஆக எல்லாம் சுவரின் புண்ணியம் என்றும் சொல்ல முடியாது. திருச்சிக்காரனுக்கு நான் கொடுத்த ஒரே பாயின்ட் இதுதான்.

மூணாவது வருஷம் நம்ம பையன் முழங்காலில் வேறொருத்தன் பக்கவாட்டில் வந்து விழுந்தான். தசைநார் அறுந்தது. ஆபரேஷன், எட்டு மாசம் ஊன்றுகோலும் பயிற்சியும். திரும்பி வந்தான், ஆனால் பழைய முதல் எட்டு வரவில்லை. அந்த முதல் எட்டை அளந்து சொல்ல எந்த ஷீட்டிலும் கட்டம் இல்லாததால், அவன் எதை இழந்தான் என்று லைன் கோச்சையும் அவனையும் தவிர யாருக்கும் புரியவில்லை. பேப்பரில் ஒரு வரி வந்தது.

ஷீட்டில் கட்டம் இருந்தும் பேர் ஏறாதவர்கள் இன்னொரு கூட்டம். இதைச் சொல்லாமல் 'ஆல் டைம்' என்கிற வார்த்தையை உச்சரிக்கவே கூடாது.

1956-ல் சிரகியூஸ் யுனிவர்சிட்டியின் ஜிம் பிரௌன், கோல்கேட்டுக்கு எதிராக ஒரே மேட்ச்சில் தனியாளா 43 பாயின்ட் எடுத்தார். 6 டச்டவுன், 7 உதை. அந்த வருஷ ஹைஸ்மன் ஓட்டெடுப்பில் அவருக்கு அஞ்சாவது இடம். ஜெயித்தவர் நோட்ர டேமின் பால் ஹார்னங். அவர் டீம் அந்த சீசனில் ஜெயித்தது 2, தோற்றது 8! தோல்வி சீசன் ஆடிய டீமிலிருந்து ஹைஸ்மன் வாங்கினது அவர் ஒருத்தர்தான். ஹார்னங் நல்ல ஆட்டக்காரர், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் பிரௌன் கறுப்பினத்தவர். கறுப்பின வீரர் ஒருத்தர் கைக்கு அந்த விருது போக இன்னும் அஞ்சு வருஷம் ஆனது. 1961-ல் எர்னி டேவிஸ், அதே சிரகியூஸ். ரெண்டே வருஷத்தில், 23 வயசில், ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார்.

பிரௌனுக்காவது ஆட இடம் கிடைத்தது. தெற்கு மாநிலங்களின் பெரிய காலேஜ்களில் கறுப்பின மாணவர்களுக்கு 1960-களின் பின்பாதி வரை டீமில் இடமே கிடையாது. 1970 செப்டம்பர் 12, பர்மிங்ஹாம். முழுக்க வெள்ளையர் ஆடிய அலபாமா டீமை தென் கலிஃபோர்னியா டீம் 42-21 என்று துவைத்தது. சாம் கன்னிங்ஹாம் என்கிற கறுப்பின வீரர் 135 கெஜம் ஓடினார். 'அந்த ஒரு மேட்ச்தான் தெற்கை மாத்திச்சு' என்று கதை சொல்வார்கள். கொஞ்சம் மசாலா. அலபாமா ஏற்கெனவே வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவரைச் சேர்த்திருந்தது. முதலாண்டு மாணவன் ஆடக் கூடாது என்ற விதியால் அவர் வெளியே இருந்தார்.

ஆக, அதற்கு முந்தைய ரெக்கார்டுகளில் பாதி, நாட்டின் மிகச்சிறந்த ஓட்டக்காரர்களில் பலரை உள்ளே விடாமல் ஆடி எடுத்தது. அவர்கள் கறுப்பின மாணவர்களுக்கான தனிக் காலேஜ்களில் ஆடினார்கள், பத்திரிகைகள் எட்டிப் பார்க்கவில்லை. கதவு திறந்த பிறகும் பார்வை உடனே திரும்பவில்லை. 1974-ல் ஜாக்சன் ஸ்டேட் என்ற அப்படிப்பட்ட காலேஜிலிருந்து வால்டர் பேட்டன் ஹைஸ்மன் ஓட்டில் 14-வது வந்தார். பின்னால் புரொஃபஷனல் லீகில் 16,726 கெஜம் ஓடி அன்றைய உலகத்தையே ஆட்டிவைத்தவர். திருச்சிக்காரன் ஷீட்டில் இதற்கு என்ன ஃபார்முலா போடுவான்? 'தவறவிட்ட தரவு' என்று ஒரு கட்டத்தை மஞ்சளாக்கினான். நாகர்கோவில்காரன் அன்றைக்கு ரொம்ப நேரம் ஒண்ணும் பேசலை.

சும்மா டீக்கடைப் பேச்சுதானே என்று நீங்கள் கேட்கலாம். 2021 வரைக்கும் சரி. அதுவரை காலேஜ் வீரனுக்கு ஸ்காலர்ஷிப், தங்க இடம், சாப்பாடு, கொஞ்சம் கைச்செலவுக் காசு, அவ்வளவுதான். வெளியே பத்து பைசா வாங்கினால் தலை போயிடும். 2005-ல் ஹைஸ்மன் வாங்கிய ரெஜி புஷ், அப்படிச் சலுகை வாங்கிய விவகாரத்தில் 2010-ல் டிராஃபியைத் திருப்பிக் கொடுத்தார். 2024-ல்தான் அது அவர் கைக்குத் திரும்ப வந்தது. 2021 ஜூலையிலிருந்து வீரர்கள் தங்கள் பேரையும் முகத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025 ஜூலையிலிருந்து காலேஜே நேரடியாகப் பணம் கொடுக்கலாம், முதல் வருஷம் ஒரு காலேஜுக்கு மொத்தம் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை.

அந்தப் பணத்தை எப்படிப் பிரிப்பது? குவார்ட்டர்பேக்குக்கு எவ்வளவு, டாக்கிளுக்கு எவ்வளவு? எங்கள் வீட்டில் ரசம் ஆறிய அதே சண்டை, இப்ப செக் எழுதுகிற மேஜைக்குப் போயிருக்கிறது. வெவ்வேறு பொசிஷனை ஒப்பிட முடியாதுன்னு அங்கே ஒருத்தரும் கையை விரிக்க முடியாது. ஒப்பிட்டே ஆகணும். ஒப்பிட நம்பர் வேணும்.

அதனால் நம்பரும் வந்துவிட்டது. 2014-லிருந்து பி.எஃப்.எஃப். என்ற நிறுவனம் பெரிய காலேஜ் டீம்களின் ஒவ்வொரு ஆட்டத்திலும் ஒவ்வொரு வீரனுக்கும் மார்க் போடுகிறது, கடோத்கஜன்களுக்கும் சேர்த்து. 2024 ஜூலையில் வந்த ஈ.ஏ. வீடியோ கேமில் ஆளாளுக்கு ஒரு ரேட்டிங். கேமில் பேரும் முகமும் வரச் சம்மதித்தவர்களுக்கு 600 டாலரும் ஒரு கேமும். நட்சத்திரத்துக்கும் அதுதான், சுவரில் நிற்பவனுக்கும் அதுதான். எல்லாரையும் சமமா பார்த்த ஒரே இடம் அதுவா இருக்கும்!

நம்ம லெஃப்ட் டாக்கிள் இப்ப ஒரு ஸ்கூலில் கணக்கு வாத்தியார், சாயங்காலம் லைன் கோச். அவனிடம் இந்த மார்க்கைப் பற்றிக் கேட்டேன். மண்டையை ஆட்டினான். "வெளியே இருந்து வீடியோ பார்க்கிறவனுக்கு, அந்த ஆட்டத்தில் நான் யாரைத் தடுக்கணும்னு கோச் சொன்னார்னு எப்படித் தெரியும்? பக்கத்தில் நிற்கிறவன் விட்டதை நான் விட்டதா எழுதுவான்." கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் எனக்கு அப்ப ஒரு மார்க் இருந்திருக்கலாம். முட்டிக்கு முன்னாடி எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு காட்டவாவது" என்றான்.

2015-லிருந்து ஜோ மூர் விருது என்று ஒண்ணு கொடுக்கிறார்கள், நாட்டிலேயே சிறந்த அஃபென்ஸிவ் லைனுக்கு. தனி ஆளுக்குக் கிடையாது, மொத்தச் சுவருக்கும் சேர்த்து. டிராஃபி எடை 800 பவுண்டு, சுமார் 360 கிலோ. தூக்கணும்னா அஞ்சு பேரும் சேர்ந்தால்தான் உண்டு.

ஓட்டு விவரம் கேட்டீங்கன்னா: திருச்சி, சாண்டர்ஸ். நாகர்கோவில், ஜிம் பிரௌன், அதில் மாற்றமே இல்லை. கணக்கு வாத்தியார், ஜான் ஹிக்ஸ். நான் வுட்சனுக்குப் போட்டிருக்கிறேன், அவர் பக்கம் வராத பந்துகளுக்காக. நாலாவது ரூம்மேட் ஒருத்தன் இருக்கான், அவன் இன்னும் மெஸேஜையே பார்க்கலை.